எட்டுப் பேர் நின்ற படம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இத்தனை பக்கங்களைப் பார்த்ததும் பயந்துவிடுவீர்கள். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். உங்கள் அறையில் ஆறு பேர். போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவீர்கள். இது ஆறு பேர் காதில் விழுகிற விஷயம் இல்லை. அதோடு, இது ஏஜென்ட் சொல்லி உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் நான் சொல்லித் தெரியவேண்டும். லீவில் வந்திருந்த உங்கள் அறைக்காரர் சனிக்கிழமை கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தையல் கடையில் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து மூன்று நாளாக எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சமையலறைக் கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்தாயிற்று. கடையில் பள்ளிக்கூடச் சட்டைகள் மலை மாதிரி குவிந்திருக்கின்றன. காஜா எடுத்து எடுத்து விரல் மரத்துப்போகிறது. கண்ணாடி மாற்றிக்கொண்டேன். வீட்டு விஷயம் அவ்வளவுதான். இனி பாப்பா விஷயம்.

இந்த வருஷம் அவளுக்குப் பத்திரிகைக்குப் படம் எடுக்கிற பாடம் வந்திருப்பதாகச் சொன்னேன் அல்லவா. கல்லூரியில் நாலு பேருக்கு ஒரு கேமரா. கையெழுத்துப் போட்டு வாங்கிவந்து, முறை வைத்து எடுக்கவேண்டும். முதல் மாதம் முழுக்க வீட்டில் நான் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பு, அம்மா ஊசியைத் தூக்கிப் பிடி, அம்மா மூச்சு விடாதே என்று ஒரே பிடுங்கல். நாற்பது படம் எடுத்தாள். ஒன்றில்கூட என் முகம் இல்லை. ஏன்டி, இந்த மூஞ்சிக்கு என்ன குறைச்சல் என்று கேட்டேன். கைதான் கதை சொல்லுமாம். அந்தக் கதை சொல்லுற கையாலேயே ரெண்டு போடுவேன் என்றேன். சிரித்தாள். அதன் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

கேமராவுக்கும் கண் இமை மாதிரி ஒன்று இருக்கிறதாம். அது சட்டென்று மூடித் திறந்தால் ஓடுகிறவன்கூடப் படத்தில் நின்றுவிடுவான். மெதுவாக மூடினால் அசைகிறதெல்லாம் புகையாகிவிடும். ஏதாவது ஒரு வேலையை இந்த இரண்டு விதமாகவும் எடுத்து வரச்சொல்லியிருந்தார் அவளுடைய மேடம். அந்த அம்மாள் பல வருஷம் பேப்பரில் வேலை பார்த்துவிட்டுப் பாடம் எடுக்க வந்தவர்.

பாப்பா பஸ் டிப்போவுக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடத்துக்குப் போனாள். ஏன் அங்கே என்று நான் கேட்கவில்லை. சாரம் கட்டியிருக்கும் எந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போனாலும் அண்ணாந்து பார்க்கிறவள் அவள். யாரை நினைத்துப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

நாலாவது மாடியில் எட்டுப் பேர் வரிசையாக நின்று கான்கிரீட் சட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்களாம். மேஸ்திரி நல்ல மாதிரி. ஓரமா நின்னு எடுத்துக்கம்மா, காலைப் பார்த்து வை என்று விட்டிருக்கிறார். எடுத்ததை அச்சுப் போட்டுக் கொண்டுவந்து காட்டினாள். வேகமாக எடுத்த படத்தில் இரண்டு கைகளும், நடுவில் அந்தரத்தில் நிற்கிற ஒரு சட்டியும் மட்டும். மெதுவாக எடுத்ததில் சட்டிகள் எல்லாம் சேர்ந்து ஒரு வாய்க்கால் மாதிரி ஓடுகின்றன. எட்டுப் பேரும் புகை. பாதங்கள் மட்டும் தெளிவாக இருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

மேடமும் படத்தைப் பாராட்டியிருக்கிறார். ஆனால் அடியில் ‘கட்டடத் தொழிலாளர்கள் பணியில்’ என்று பாப்பா எழுதியிருந்ததைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். எட்டுப் பேர் நிக்கிறாங்க, யாரு இவங்க, பேரு என்ன, வயசு என்ன, போய்க் கேட்டு எழுதிட்டு வா, அப்பதான் மார்க் என்று சொல்லிவிட்டாராம். வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிந்தாள். புகையா இருக்கிற ஆளுக்குப் பேரு எதுக்கும்மா என்றாள். நானும் அவளுக்கு ஒத்து ஊதினேன். அந்த மேடத்துக்கு வேற வேலை இல்ல, விடு என்றேன். நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. அந்த வாரம் மழை. அடுத்த வாரம் பரீட்சை. போகலாம் போகலாம் என்று பதினோரு நாள் ஓடிவிட்டது.

பன்னிரண்டாவது நாள், திங்கட்கிழமை காலையில், கடையில் என் மேஜை மேல் இருந்த கத்தரிக்கோல் குதித்தது. டிப்போவில் பஸ் டயர் வெடித்துவிட்டது என்று நினைத்தோம். பிறகு புழுதி வந்தது. ஐந்தாவது மாடிக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தபோது அடியில் தாங்கிய முட்டு சரிந்து, எல்லாம் கீழே வந்துவிட்டது. அன்றைக்கே மூன்று பேரைப் பிணமாக எடுத்தார்கள். ஆறு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த வாரம் போனில் ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டீர்கள். ஒன்றும் இல்லை என்றேன். சாரத்தில் நிற்கிற உங்களிடம் அதை எந்த வாயால் சொல்வேன்?

வேலையாட்கள் லிஸ்டில் இருந்த எல்லோரும் கிடைத்துவிட்டார்கள் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். மூன்றாம் நாளே சுற்றித் தகரம் அடித்து, உள்ளே இயந்திரத்தை விட்டு இடிபாட்டை நிரவ ஆரம்பித்தார்கள். பாப்பா வகுப்பில் எல்லோரும் படம் எடுக்கப் போனார்கள். இவளும் போனாள். தகரத்துக்கு வெளியே ஒரு பெண் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். என் வயதுதான் இருக்கும். இவளைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாளாம். அவள் சொன்னதைப் பாப்பா என்னிடம் அப்படியே சொன்னாள்:

“நீதானே அன்னிக்குப் படம் புடிச்ச பொண்ணு? நீலப் பை போட்டுக்கிட்டு ஒரு பொண்ணு வந்துச்சுன்னு வீட்ல வந்து சொன்னாரு. எப்பவும் வந்ததும் சுருண்டு படுத்துடுவாரு. அன்னிக்கு மட்டும் உக்காந்து சொன்னாரு.”

அவள் புருஷன் வேலை செய்யும்போது விசில் அடித்துக்கொண்டே இருப்பாராம். அதனால் எல்லோருக்கும் அவர் ‘விசில்’. சொந்தப் பேர் அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஊருக்குப் போன வேறொருவருக்குப் பதிலாக ஒரு மாதத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தவர். லிஸ்டில் அவர் இல்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் முதல் நாள், விசில் லிஃப்ட் குழிப் பக்கம் நின்னான் என்று சொன்னார்கள். மறுநாள் யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனபின் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார், ஏன் இப்படி எழுதுகிறேன் என்று பின்னால் புரியும். காண்ட்ராக்டரின் ஆட்கள், அப்படி ஒரு ஆளே இங்க வேலை செய்யல, உன்கிட்ட சொல்லாம எங்கயாவது போயிருப்பான் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள். போலீசில் போய் நின்றால், இங்கேதான் வேலை செய்தார் என்பதற்கு ஏதாவது காட்டு என்கிறார்கள். அவளிடம் காட்ட ஒன்றும் இல்லை. அதனால்தான் பாப்பாவின் கையை விடவில்லை. நீ எடுத்த படத்துல அவர் இருப்பாரும்மா, அதைக் காட்டினா தோண்டுவாங்க என்று கெஞ்சியிருக்கிறாள்.

பாப்பா நேராகக் கடைக்கு வந்தாள். அந்தப் புகைப் படத்தை என் தையல் மிஷின் மேல் வைத்தாள். அம்மா, இதுல யாரு விசில் என்று கேட்டாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். எட்டும் புகைதான்.

கட்டடத்தில் எடுத்த அறுபது படத்தில் அந்த இரண்டைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறாள். மற்றதையெல்லாம் அழித்துவிட்டு, கேமராவை அடுத்தவர்களுக்குக் கொடுத்தாயிற்று. வியாழக்கிழமை கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்க்கிறவரிடம் போய் நின்றாள். அவர் அந்தக் கேமராவின் கார்டை வாங்கி, கம்ப்யூட்டரில் போட்டு, அழித்ததைத் தேடிப் பார்த்திருக்கிறார். மத்தியானம் முழுக்க ஓடியதாம். ஐந்து படம் மட்டும் திரும்பக் கிடைத்தது. நாலு படம் பாதி அரித்துப்போனது. ஐந்தாவதில் ஒரு மனிதர் வெள்ளைச் சிமெண்டுச் சாக்கு ஒன்றை நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு, நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். பின்னால் தூணில் சிவப்பாக 4 என்று எழுதியிருக்கிறது. எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே இருக்குமாம்.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. ஆரம்பிப்பதற்கு முன்னால் வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, அண்ணே, வெள்ளையா எதையாவது புடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நில்லுங்க என்று ஒருவரைக் கேட்டிருக்கிறாள். அவர்தான். சாக்கை எடுக்கப் போகும்போதும் விசில் அடித்துக்கொண்டே போனாராம். எடுத்து முடித்ததும் அவர், படத்துல நல்லா விழுந்திருக்கேனா என்று கேட்டாராம். சூப்பரா இருக்குண்ணே என்று சொன்னாளாம், படத்தைப் பார்க்காமலே.

அன்று சாயங்காலம் படத்தை ஒரு பென்டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். லேப் கம்ப்யூட்டரை அணைத்தால் அன்றைக்குச் சேமித்ததெல்லாம் போய்விடுமாம். நம் வீட்டுப் போனில் அதைத் திறக்கவும் வழியில்லை. ஆக, இருந்தது அது ஒன்றுதான். மறுநாள் காலை மேடமும் அவளும் பேப்பர் ஆபீசுக்கும் போலீசுக்கும் போவதாக ஏற்பாடு.

அவள் மளிகைக் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஏஜென்ட் வந்தார். உங்களை அனுப்பிவைத்த அதே ஏஜென்ட்தான். குரல் உயர்த்தவில்லை. உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். உங்களைப் பற்றி விசாரித்தார். அப்புறம்தான் காண்ட்ராக்டர் தன் தங்கச்சி புருஷன் என்று சொன்னார். தகரத்துகிட்ட நிக்கிற பொம்பள, படம் இருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கா. படிக்கிற பொண்ணு, வெவரம் தெரியாம எதையாவது செஞ்சுடப் போகுது. நீங்கதான் எடுத்துச் சொல்லணும். அடுத்த மாசம் உங்க வீட்டுக்காரர் விசா பேப்பரைப் புதுப்பிக்கணும் இல்லையா? இவ்வளவுதான் பேசினார். எழுந்து போகும்போது செருப்பை நேராகக்கூட வைத்துவிட்டுப் போனார், என்னுடையதை.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். பென்டிரைவை அவள் மேஜையிலிருந்து எடுத்துப் பட்டன் டப்பாவுக்குள் போட்டேன். காலையில் அவள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். நீ பார்த்தியாம்மா என்று கேட்டாள். இல்லையே என்றேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டே போய்வந்தாள். மேடத்துக்குப் போன் போட்டு, தொலைச்சுட்டேன் மேடம் என்று அழுதாள். நான் கையில் கரண்டியோடு பார்த்துக்கொண்டு நின்றேன். பத்தொன்பது வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது என்று சொல்லமாட்டேன். ஆனால் நம்பி அவள் அழுத பொய் அது ஒன்றுதான்.

அவள் கல்லூரிக்குப் போனபின் வீட்டில் இருக்க முடியவில்லை. டப்பாவில் இருந்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று அதை என் பர்சில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கடைக்குப் போகவில்லை. கால் தகரத்துப் பக்கம் போயிற்று. படமெல்லாம் ஒன்றும் கிடைக்கவில்லை, நீ வீட்டுக்குப் போம்மா என்று அவளிடம் சொல்லிவிட்டால் என் மனசு அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

அவள் ஒரு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். உங்க வீட்லயும் யாராவது உள்ள இருக்காங்களாக்கா என்று கேட்டாள். இல்லை என்றேன். உங்க வீட்டுக்காரர் என்ன வேலை என்றாள். சாரம் கட்டுறாரு, வெளிநாட்டுல என்றேன். எந்த இடத்துல என்றாள். நாட்டுப் பேரைச் சொன்னேன். அது சரிக்கா, எந்தக் கட்டடம் என்றாள்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கட்டடம் தெரியாது. தெரு தெரியாது. உங்கள் மேஸ்திரி யார், பக்கத்தில் நிற்கிறவர் யார், உங்களை அங்கே என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், ஒன்றும் தெரியாது. இரண்டு வருஷமாக வாரம் தவறாமல் பேசுகிறோம். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, அங்கே வெயிலா, இங்கே மழையா என்பதைத் தவிர நான் எதையும் கேட்டதில்லை. அவள்தான் என்னைத் தேற்றினாள். நானும் அப்படித்தான்கா இருந்தேன், டிப்போ பின்னாடின்னு மட்டும்தான் தெரியும் என்றாள்.

தகரத்துக்கு அந்தப் பக்கம் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கமா தள்ளிக்கிட்டே வர்றாங்கக்கா, குழியை மூடிடுவாங்க என்றாள். நான் எழுந்து அவள் கையைப் பிடித்தேன். வா என்றேன்.

பாப்பாவின் கல்லூரிக்குள் நான் காலெடுத்து வைத்தது அன்றுதான். வகுப்பு வாசலில் நின்று, எல்லோருக்கும் முன்னால், நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன் என்று பென்டிரைவை நீட்டினேன். பாப்பா என்னைப் பார்த்தாள். அதை வாங்கி மேடத்திடம் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணைப் பெஞ்சில் உட்காரவைத்தாள். நோட்டைத் திறந்து, உங்க வீட்டுக்காரர் பேர் என்னக்கா என்று கேட்டாள். வயசு. சொந்த ஊர். எத்தனை வருஷமா இந்த வேலை. ஐந்து நாளாக ‘அவர் அவர்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தவள், அங்கே உட்கார்ந்து அவர் பேரை வாய்விட்டுச் சொன்னாள். பாப்பா எழுதி, நோட்டை அவள் பக்கம் திருப்பி, எழுத்து சரியா இருக்கா பாருங்கக்கா என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை பேப்பரில் அவர் படம் வந்தது. வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். பேரை அதில் படித்துக்கொள்ளுங்கள். அடியில் உள்ள வரிகள் பாப்பா எழுதியவை. பத்து மணிக்கெல்லாம் போலீஸ் வந்து இயந்திரத்தை நிறுத்தியது. மத்தியானம் குழியைத் தோண்ட ஆரம்பித்தார்கள். ஞாயிறு மாலை அவரை எடுத்தார்கள்.

நாங்கள் இருவரும் அங்கே இருந்தோம். எத்தனையோ கேமராக்கள். பாப்பா கழுத்திலும் ஒன்று தொங்கியது. அந்தப் பெண்ணின் அருகில் போய், எடுக்கட்டுமா என்று கேட்டாள். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். பாப்பா லென்ஸை மூடி போட்டு மூடிவிட்டு அவள் பக்கத்திலேயே நின்றாள். மற்றவர்கள் எடுத்தார்கள். அவர்களையும் நான் திட்டமாட்டேன். படம் ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் குழியின் மேல் இன்றைக்குத் தரை போட்டிருப்பார்கள்.

விழுந்த அன்றைக்கே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். நான் ஒளித்து வைத்த அந்த அரை நாளால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று அதை வைத்துத்தான் மனசைச் சமாதானம் செய்துகொள்கிறேன். எல்லா நாளும் அது சமாதானம் ஆவதில்லை.

பாப்பா தினமும் கல்லூரி விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். புகைப் படத்தைக் காட்டி, இது யார், இது யார் என்று கேட்டுப் பின்னால் எழுதிக்கொள்கிறாள். ஏழு பேர் தெரிந்துவிட்டார்கள். இடமிருந்து மூன்றாவதாக நிற்கிறவர் மட்டும் யாரென்று தெரியவில்லை. அவர் முந்தின வாரமே வேறு வேலைக்குப் போய்விட்டார் என்கிறார்கள். எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மேடம், போதும், கொடுத்துவிடு, மார்க் போடுகிறேன் என்கிறார். இன்னும் முடியல மேடம் என்று இவள் கொடுக்கமாட்டேன் என்கிறாள். என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறாள். நேற்று நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, தட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். அது போதும் இப்போதைக்கு.

ஏஜென்ட் அப்புறம் வரவில்லை. உங்கள் பேப்பர் என்ன ஆகும் என்று தெரியவில்லை. அவர் உங்களைக் கூப்பிட்டு ஏதாவது சொன்னால், பாப்பாவை ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டுங்கள். திருப்பி அனுப்புகிறோம் என்றால் வந்துவிடுங்கள். நான் மிஷின் ஓட்டுகிறேன், நீங்கள் இங்கே ஏதாவது பார்த்துக்கொள்ளலாம். ஆள் வந்தால் போதும்.

பதில் எழுதும்போது நலம் என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். எந்த ஊர், எந்தத் தெரு, என்ன கட்டடம், எத்தனையாவது மாடி என்று எழுதுங்கள். அங்கே உங்களை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று எழுதுங்கள். உங்கள் பக்கத்தில் நிற்கிறவரின் பேரையும் அவர் வீட்டு நம்பரையும் எழுதுங்கள். அந்த வீட்டில் இருப்பவளோடு நான் பேசிக்கொள்கிறேன். என் நம்பரை அவரிடம் கொடுத்து வையுங்கள். இடம் மாறினால், அன்றைக்கே, வேலைக்கு ஏறுவதற்கு முன்னால், எனக்குச் சொல்லிவிட்டு ஏறுங்கள்.

நீங்கள் நல்லபடியாக இருக்கவேண்டும்.

உங்கள் கையெழுத்தைப் பார்க்கக் காத்திருக்கும்,
பாப்பாவின் அம்மா